மூன்று மணி வயிறு

எங்கள் கம்பெனியில் என் அண்ணியை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மீடியம் அக்கா என்றால்தான் வாசல் காவல்காரர் முதல் மேனேஜர் வரை எல்லோருக்கும் தெரியும். பெண்களுக்கான பேண்ட்டும் பாவாடையும் தைத்துக் கப்பலேற்றுகிற கம்பெனி அது. ஆயிரக்கணக்கில் வெட்டுவதற்கு முன்னால் ஒன்றே ஒன்றைத் தைத்து, ஒரு மனுஷியின் உடம்பில் போட்டுப் பார்க்க வேண்டும். பொம்மைக்குப் போட்டால், பொம்மை மூச்சு விடாது, உட்காராது, "இங்க பிடிக்குது" என்று சொல்லாது. அதற்காக வைத்திருக்கும் மனுஷிதான் என் அண்ணி. இடுப்பு எழுபது சென்டி. ஒரு சென்டி கூடலாம், ஒரு சென்டி குறையலாம், அதற்கு மேல் ஆகாது. முகம் தெரியாத ஒருத்தி எங்கேயோ ஒரு கடையில் மீடியம் என்று கேட்டு வாங்குகிறாளே, அவள் வாங்குவது என் அண்ணியின் இடுப்பளவைத்தான்.

அப்படித் தைத்துப் பார்க்கிற சாம்பிள் அறையில் நான் இஸ்திரி மேசையில் நிற்பவள். எனக்கு வாய் நீளம். கோபம் மூக்கு நுனியில் இருக்கும். என் அண்ணனைக் கட்டிக்கொண்டு இவள் எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எனக்கும் சேர்த்துப் பொறுமையாக இருப்பது அண்ணிதான். அதனால் இந்தக் கதையை நான் சொல்வதுதான் சரி. அவளைச் சொல்லவிட்டால் எல்லோரையும் நல்லவர்களாக்கி முடித்துவிடுவாள்.

அண்ணி முதலில் மெஷினில்தான் இருந்தாள். ஏழு வருஷம் தைத்ததில் வலது மணிக்கட்டு வீங்கி, தண்ணீர்க் குவளையைக்கூடத் தூக்க முடியாமல் போயிற்று. வீட்டுக்கு அனுப்பப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து சாம்பிள் அறையை நடத்துகிற மாஸ்டர் மீடியம் உடம்பு தேடினார். பதினைந்து பேரை நிறுத்தி அளந்ததில் அண்ணிக்குத்தான் சொல்லிவைத்த மாதிரி எழுபது வந்தது. இந்த இடம் போனால் அவளுக்கு இந்தக் கம்பெனியில் வேறு இடம் கிடையாது. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அவளை அளந்த கைக்கும் நன்றாகத் தெரியும்.

அந்தக் கை டேப் அக்காவுடையது. எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஓர் உடம்பை ஒரே கைதான் அளக்க வேண்டும். ஆளுக்கு ஆள் டேப்பை இழுக்கிற இழுப்பு மாறும் என்பதால் இப்படி. டேப்புக்கும் இடுப்புக்கும் நடுவில் ஆள்காட்டி விரல் ஒன்றை வைத்துத்தான் எண்ணைப் படிக்க வேண்டும். ஒரே ஒரு விரல். இரண்டு வைத்தால் ஒன்றரை சென்டி கூடிவிடும். அளக்கும்போது நிற்பவள் குனியக்கூடாது. கழுத்து வளைந்தால் வயிறு மடிந்து அளவு தப்பிப் போகும். நேரே சுவரைப் பார்த்துக்கொண்டு, மூச்சை விட்டுவிட்டு, சும்மா நிற்க வேண்டும்.

தினமும் காலை எட்டு மணிக்கு டேப் அக்கா வருவாள். "மூச்சை விட்டுடுடி" என்பாள். அண்ணி கையைத் தூக்கிக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்பாள். பன்னிரண்டு வருஷம் இது நடந்தது. என் அண்ணன்கூட அவள் இடுப்பைத் தினமும் தொட்டிருக்கமாட்டான் என்று நான் கேலி செய்வேன். டேப் அக்கா விழுந்து விழுந்து சிரிப்பாள். அவள் வீட்டில் ஒன்று என்றால் அண்ணி ஓடுவாள், எங்கள் வீட்டில் ஒன்று என்றால் அவள் ஓடி வருவாள். அவளுடைய தங்கச்சி மகள் படிப்பு முடித்துச் சும்மா இருந்தாள். அந்தப் பெண்ணை பேக்கிங்கில் சேர்த்துக்கொள்ளச் சொல்லி மாஸ்டரிடம் மூன்று தடவை போய் நின்றவள் என் அண்ணி. ஒருநாள் அந்தப் பெண் எங்கள் அறைக்கு வந்தபோது டேப் அக்கா விளையாட்டாக அவளை அளந்தாள். எழுபது. "அட, என் அளவேதான்" என்று அண்ணி அவள் கன்னத்தைக் கிள்ளினாள். இப்போது நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்புறம்தான் வயிறு உப்ப ஆரம்பித்தது. காலையில் எழுபது இருக்கும். மத்தியானம் மூன்று மணிக்கு எழுபத்து நாலு, சில நாள் எழுபத்தைந்து. வலி என்று பெரிதாக இல்லை. மேல் வயிறு கல் மாதிரி இருக்கும். ஏப்பம் வந்துகொண்டே இருக்கும். தைத்த பேண்ட்டைப் போட்டால் பொத்தான் மாட்டாது. ஒருநாள் மாஸ்டர் குனிந்து காலடி மடிப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பொத்தான் தெறித்து அவர் வழுக்கைத் தலையில் போய் விழுந்தது. அறையே சிரித்தது, அண்ணி உட்பட. வீட்டுக்கு வந்ததும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

அவள் சாப்பிடுகிற லட்சணத்தை நான் சொல்ல வேண்டும். காலை அளவு சரியாக வர வேண்டுமே என்று எட்டு மணிக்கு முன்னால் பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. பன்னிரண்டு மணிக்குப் பசி கண்ணை மறைக்கும். பன்னிரண்டரைக்கு உடம்பில் போட்டுப் பார்க்கிற ஃபிட்டிங் என்பதால் டப்பாவைத் திறந்து ஐந்தே நிமிஷத்தில் வாரி வாயில் போட்டுக்கொண்டு ஓடுவாள். அதன்பின் உடம்பு முழுக்கக் குண்டூசி குத்திய துணியோடு மூன்று மணி நேரம் அசையாமல் நிற்க வேண்டும். கழிவறைக்குப் போகத் தோன்றினாலும் ஊசி இருப்பதால் அடக்கிக்கொள்வாள். வயிறு பெரிதாகத் தெரிகிறதே என்று பாவாடை நாடாவை இன்னும் இறுக்கிக் கட்டுவாள். உள்ளே போகும் காற்று எந்த வழியாகத்தான் வெளியே போகும்?

கீழ்த்தளத்தில் முதலுதவி அறை இருக்கிறது. நர்ஸம்மா பன்னிரண்டரையிலிருந்து மூன்று வரை அங்கே இருப்பார். ஊசிகளோடு நிற்கும் அண்ணியால் அந்த நேரத்தில் கீழே இறங்க முடியாது. "நான் போய்க் கேட்டுட்டு வரேன், உனக்கு என்னென்ன பண்ணுதுன்னு எனக்குத் தெரியாதா" என்று டேப் அக்கா போனாள். திரும்பி வந்து சொன்னாள்.

"வாயுதானாம். பயப்பட ஒண்ணுமில்லையாம். சாப்பிட்டதும் ஒரு சோடா குடிச்சா ஏப்பமா வெளிய போயிடுமாம். அப்புறம் சூயிங்கம் மெல்லணுமாம், ஜீரணத்துக்கு. காலைல வெறும் வயிறா இருக்கிறது ரொம்ப நல்லதாம்."

அன்று முதல் தினமும் மத்தியானம் ஒரு சோடா பாட்டிலை டேப் அக்காவே வாங்கி வந்து, அவளே மூடியைத் திறந்து, உறிஞ்சுகுழலும் போட்டுக் கொடுத்தாள். என்ன பாசம் என்று நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கும் புத்தி வேலை செய்யவில்லை.

வயிறு குறைந்த பாடில்லை. உப்பிய வயிற்றில் போட்டுப் பார்த்து அனுப்பிய சாம்பிள்கள் எல்லாம் இடுப்பு தொளதொளவென்று இருப்பதாகத் திரும்பி வந்துவிட்டன. சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர் கோபத்தில் இருந்தார். மாஸ்டர் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"மாசக் கடைசில பையரோட ஆள் வருவாங்க. அவங்க கண் முன்னாடி அளக்கணும். எழுபத்தொண்ணுக்கு மேல போனா வேற உடம்பு பார்க்கச் சொல்லிட்டாங்க. என் கையில ஒண்ணுமில்லம்மா."

"எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன்.

"மூணு மணிக்கு. டேப் அக்காதான் சொன்னாங்க, ஃபிட்டிங் நேரத்துல அளந்தாதான் நியாயமா இருக்கும்னு."

எனக்குச் சுருக்கென்றது. திரும்பி டேப் அக்காவைப் பார்த்தேன். அவள் டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

இரண்டு நாள் கழித்து இஸ்திரிப் பெட்டி என் புறங்கையில் பட்டுக் கொப்பளித்துவிட்டது. நர்ஸம்மாவிடம் போனேன். மருந்து தடவிக்கொண்டே அவர் கேட்டார்.

"நீங்க சாம்பிள் ரூம்தானே? உங்க மீடியம் அக்காவுக்கு வயிறு எப்படி இருக்கு? சீட்டுல எழுதிக் குடுத்தபடி பண்றாங்களா?"

"எந்தச் சீட்டு?" என்றேன்.

"அளவெடுக்கிறவங்க வந்தாங்களே, அவங்ககிட்ட எழுதிக் குடுத்தேன். சோடாவைத் தொடவே கூடாது, சூயிங்கம் கூடாது, ரெண்டும் வயித்துல காத்தை அடைக்கிற வேலை. காலைல கொஞ்சமாவது சாப்பிட்டுட்டு வரணும்னு சொன்னேன். பசியில வாரிப் போட்டுக்கிறதாலதான் பாதிக் காத்து உள்ள போகுது."

எனக்குக் கை எரிச்சல் மறந்துபோயிற்று. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி சொல்லச் சொன்னேன். அவர் பொறுமையாகச் சொன்னார். மென்று மெதுவாகச் சாப்பிட வேண்டும். ஒரே வேளையில் வயிறு முட்டச் சாப்பிடாமல் பிரித்துச் சாப்பிட வேண்டும். சாப்பிட்டதும் பத்து நிமிஷம் நடக்க வேண்டும். தண்ணீரை மடமடவென்று ஊற்றிக்கொள்ளாமல் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். நாடாவைத் தளர்த்திக் கட்ட வேண்டும், எதையும் அடக்கக்கூடாது. பயறு, முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம், இதில் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒவ்வொன்றாக விட்டுப் பார்க்க வேண்டும். "மூணு நாலு வாரம் பண்ணியும் அப்படியே இருந்தா, இல்ல வலியோ, எடை குறையறதோ, ரத்தம் போறதோ இருந்தா, என்கிட்ட வரவேண்டாம், நேரா டாக்டர்கிட்ட போகச் சொல்லுங்க" என்றார்.

படியேறி வரும்போதே டேப் அக்காவை நாலு பேர் முன்னால் வாங்கு வாங்கென்று வாங்கியிருப்பேன். அண்ணிக்கு இந்த நேரத்தில் வம்பு எதற்கு என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். வேலை முடிந்து பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது எல்லாவற்றையும் கொட்டினேன்.

அண்ணி பையிலிருந்து பஸ் சில்லறையை எடுத்து எண்ணினாள்.

"சீட்டைத் தொலைச்சிருப்பா" என்றாள் பிறகு. "வெக்கப்பட்டுக்கிட்டு ஞாபகம் இருந்ததைச் சொல்லியிருப்பா. மாத்திச் சொல்லிட்டா, அவ்வளவுதான்."

"எல்லாத்தையும் தலைகீழாவா அண்ணி? ஒண்ணுகூட சரியா ஞாபகம் இல்லையா? மூணு மணின்னு வைக்கச் சொன்னதும் ஞாபக மறதியா? தங்கச்சி மகளோட இடுப்பு எழுபது, அது மட்டும் ஞாபகம் இருக்கு. கூடவே இருந்து குழி பறிக்கிறாங்க, உங்களுக்கு உறைக்கவே மாட்டேங்குது."

"வாயை மூடுடி" என்றாள் அண்ணி. என்னிடம் அவள் அப்படிப் பேசியதே இல்லை. "எனக்குக் காய்ச்சல் வந்து படுத்தப்ப என் துணியைத் துவைச்சுப் போட்டவ அவ. நீ கூட மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஓடின. அவளைப் பத்தி என்கிட்ட பேசாத."

அது உண்மை. ஓடினேன்தான்.

ஆனால் அண்ணி நர்ஸம்மா சொன்னதை எல்லாம் செய்ய ஆரம்பித்தாள். டேப் அக்காவிடம் ஒன்றும் சொல்லவில்லை. "சொன்னா சங்கடப்படுவா" என்றாள். பார்த்தீர்களா, இவளால் அவளுக்குச் சங்கடம் வரக்கூடாதாம். காலையில் வீட்டில் அரை வாழைப்பழமும் ஒரு ரொட்டித் துண்டும் சாப்பிட்டாள். எட்டு மணி அளவு அதனால் கூடவில்லை. இத்தனை வருஷம் வெறும் வயிற்றில் கிடந்தது வீண் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பத்தரை மணிக்கு டப்பாவில் கால்வாசி, பன்னிரண்டு மணிக்குப் பாதி, மீதி மாலையில். ஒரு வாயைப் போட்டால் அது கரையும் வரை அடுத்த வாய்க்குக் கை போகாது. எதிரே உட்கார்ந்து பார்க்கிற எனக்குப் பொறுமை போய்விடும். மாஸ்டரிடம் போய், ஃபிட்டிங்குக்கு முன்னால் பத்து நிமிஷம் வேண்டும் என்று முதல் தடவையாக வாயைத் திறந்து கேட்டாள். அவரும் சரி என்றார். குண்டூசிக்கு நடுவில் கழிவறைக்குப் போக வேண்டும் என்றாலும் கேட்டுவிட்டுப் போனாள்.

சோடா மட்டும் வந்துகொண்டே இருந்தது. டேப் அக்கா மூடியைத் திறந்து நீட்டுவாள். அண்ணி சிரித்துக்கொண்டே வாங்குவாள். "நடந்துக்கிட்டே குடிக்கிறேன்க்கா" என்று கிளம்புவாள். நாங்கள் இருவரும் பின்பக்கம் சாயம் போன அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருக்கும் முற்றத்தில் சுற்றிச் சுற்றி நடப்போம். சோடாவைக் கழிவுநீர்க் குழியில் ஊற்றும் வேலை என்னுடையது. நுரைத்துக்கொண்டு போகும். எனக்கு அதைப் பார்க்க அவ்வளவு திருப்தி.

முதல் வாரம் பெரிதாக மாற்றமில்லை. முட்டைக்கோஸை விட்டுப் பார்த்தாள், பலனில்லை. வெங்காயத்தை விட்டதும் ஏப்பம் குறைந்தது. இரண்டாம் வாரம் மூன்று மணி வயிறு எழுபத்து மூன்றுக்கு வந்தது. வீட்டில் விடுமுறை நாளில் நான்தான் அளந்தேன், என் அவசரக் கையால். மூன்றாம் வாரம் பேண்ட்டின் பொத்தான் சிரமமில்லாமல் மாட்டியது. மாஸ்டர் "பரவாயில்லையே" என்றார். அதைப் போட்டுப் பார்த்தபோது டேப் அக்கா அறையில் இல்லை; அந்த மாதம் புதிதாக வந்த மற்றவை எல்லாம் தொளதொள மாடல்கள். அதனால் டேப் அக்கா கண்ணில் எதுவும் படவில்லை. காலை எட்டு மணிக்கு அவள் அளப்பது எப்போதும் போல எழுபது.

அந்த நாள் வந்தது. பையர் அனுப்பிய அம்மாள் கண்ணாடி போட்டுக்கொண்டு, கையில் ஒரு தாளோடு நின்றாள். மாஸ்டர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு மேசையைப் பிடித்துக்கொண்டேன். மணி மூன்று.

"மூச்சை விட்டுடுடி" என்றாள் டேப் அக்கா.

அண்ணி கையைத் தூக்கினாள். நேரே சுவரைப் பார்த்தாள். டேப் சுற்றி வந்தது. நான் டேப் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுபத்தைந்தை எதிர்பார்த்து நீட்டிய கை அது. டேப்பின் முனை வந்து சேர்ந்ததும் அவள் முகத்தில் ரத்தமே இல்லை. ஒரு நொடி நின்றாள். அப்புறம் கை லேசாக அசைந்தது.

அண்ணியின் முகம் மாறியதை நான் பார்த்தேன். சுவரைப் பார்த்த கண் அப்படியே இருந்தது, ஆனால் அதில் தண்ணீர் கோத்துக்கொண்டது.

"ஒரு விரல்தான்க்கா வழக்கம்" என்றாள்.

சத்தமாகச் சொல்லவில்லை. அந்த அம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. மாஸ்டருக்குப் புரிந்தது. பன்னிரண்டு வருஷம் ஒரு விரலை அறிந்த தோல். அதற்கு இரண்டாவது விரல் தெரியாமல் போகுமா?

"கை நழுவிடுச்சு" என்று டேப் அக்கா விரலை எடுத்தாள். "எழுபதரை."

அந்த அம்மாள் தாளில் எழுதிக்கொண்டு போனாள். இடம் நிலைத்தது. நான் அண்ணியைக் கட்டிப்பிடிக்கப் போனேன். அவள் என்னைத் தாண்டி முற்றத்துக்குப் போய், ஏற்கெனவே நடந்து முடித்த அந்தச் சுற்றை மறுபடி நடக்க ஆரம்பித்தாள். நானும் கூடவே நடந்தேன்.

"சீட்டைத் தொலைச்சிருப்பான்னு நினைச்சேன்" என்றாள் இரண்டாவது சுற்றில். "விரலை எங்கடி தொலைக்க முடியும்?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

மறுநாள் காலை எட்டு மணி. டேப் அக்கா வந்தாள், என்றும்போல மூச்சை விடச் சொன்னாள். அண்ணி கையைத் தூக்கினாள். டேப் சுற்றியதும் தலை தானாகக் குனிந்து விரலைப் பார்த்தது. எண் தப்பாக வந்தது. "நேராப் பாரு" என்றாள் டேப் அக்கா. நேராகப் பார்த்தாள். டேப் பட்டதும் மறுபடி குனிந்தாள். அறுபத்தொன்பது, எழுபத்திரண்டு, மறுபடி அறுபத்தொன்பது. பன்னிரண்டு வருஷத்தில் குனிந்தே பார்க்காதவள். மூன்று நாள் இப்படியே நடந்தது. நாலாம் நாள் மாஸ்டர் ஒன்றும் கேட்காமல் டேப்பை வாங்கி என் கையில் கொடுத்தார். டேப் அக்காவை நூல் வெட்டுகிற மேசைக்கு அனுப்பினார்.

அன்று மத்தியானம் சோடா இல்லாமல் வெறுங்கையோடு வந்து அண்ணியின் எதிரே உட்கார்ந்தாள் டேப் அக்கா.

"மாஸ்டர்கிட்ட நீ ஒரு வார்த்தை சொல்லேன்" என்றாள்.

"நான் அவர்கிட்ட உன்னைப் பத்தி ஒண்ணும் சொல்லலக்கா" என்றாள் அண்ணி. "நேராப் பார்க்கணும்னுதான் நினைக்கிறேன். கழுத்து கேக்க மாட்டேங்குது." ஒரு வாயை மெதுவாக மென்று விழுங்கிவிட்டு மேலும் சொன்னாள். "உன் தங்கச்சி மகளுக்கு பேக்கிங்ல இடம் கிடைச்சிருக்கு. திங்கக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க. நான் அப்பவே கேட்டு வச்சது."

டேப் அக்கா எழுந்து போய்விட்டாள். நான் என்றால் அந்தப் பெண்ணுக்குக் கிடைத்ததை அன்றைக்கே கெடுத்திருப்பேன். என் வயிறு எரிந்தது. அண்ணி மீதியைச் சாப்பிட்டு முடித்துவிட்டு நடக்கக் கிளம்பினாள்.

மறுநாள் எட்டு மணிக்கு, கம்பெனியில் முதல் தடவையாக, நான் டேப்போடு அவள் முன்னால் நின்றேன். இஸ்திரிச் சூட்டில் காய்த்துப்போன கையால் டேப்பைப் பிரித்தேன். "மூச்சை விட்டுடுங்க அண்ணி" என்றேன். ஒரே ஒரு விரலை வைத்தேன். அவள் குனிந்து பார்த்தாள்.

"நான்தான் அண்ணி" என்றேன்.

"தெரியும்டி" என்றாள்.

மறுபடி சுற்றினேன். மறுபடி குனிந்தாள். அப்புறம் அவளே நிமிர்ந்து கண்ணை இறுக மூடிக்கொண்டாள். எழுபது வந்தது. வயிறு சரியாகி எட்டு மாதம் ஆகிறது, மூன்று மணிக்கும் அதே எழுபதுதான். ஆனால் நான் டேப்பை எடுத்தால் அவள் இன்னும் கண்ணை மூடிக்கொண்டுதான் நிற்கிறாள்.